ஒலிவ மரத்துப் பூச்சிகளும் அவற்றைத் தின்ற குளவிகளும்: உங்கள் அனுபவம் என்ன?

மஞ்சள்பூ (பலெர்மோ)

சிசிலியில் பலெர்மோவுக்கு வந்து பல வருடமாகிறது. மற்ற நாட்களில் வீட்டு வேலை, ஒக்டோபர், நவம்பரில் ஒலிவக்காய் பறிப்பு. 2014-ஐ என்னால் மறக்க முடியாது. குளிர்காலம் குளிராகவே இல்லை, கோடையும் சுடவில்லை, மழை விட்டுவிட்டுப் பெய்தபடி இருந்தது. ஒலிவப் பழ ஈக்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது. வெயில் 35 டிகிரியைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் முட்டையும் இளம்புழுவும் காய்க்குள்ளேயே செத்துப்போகும். அந்த வருடம் அப்படி ஒரு வெயில் வரவில்லை.

நாங்கள் வலை விரிப்பதற்கு முன்பே பாதிக் காய் தரையில் கிடந்தது. ஒன்றை எடுத்துப் பிதுக்கினேன். சதை பழுப்பாக நைந்து, உள்ளே வெள்ளைப் புழு. அந்த ஈ வீட்டு ஈயைவிடச் சிறியது, இறக்கை நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். காய்க்கு ஒன்றாகத்தான் முட்டை வைக்கும். ஆனால் ஒரே ஈ நூற்றுக்கணக்கான காய்களைத் தேடிப் போகும். செக்கிலிருந்து வந்த எண்ணெயில் புளித்த வாடை. தோட்டத்து ஐயா அதை விற்க மனமில்லாமல் ஒதுக்கி வைத்தார். எழுபது வயது மனிதர் ஒன்றும் பேசாமல் செக்கு வாசலில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த குளிர்காலத்தில் வேலியோரப் பற்றைகளை வெட்டச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அங்கே இனுலா என்றொரு செடி காடாக வளரும். கையில் பிசுபிசுவென்று ஒட்டும், நெடியடிக்கும், இலையுதிர் காலத்தில் மஞ்சளாகப் பூக்கும். வெட்டப் போன என்னைப் பக்கத்துத் தோட்டத்து அம்மா தடுத்துவிட்டார். காய்ந்த பூத்தலை ஒன்றைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். கல் மாதிரிக் கெட்டியாக இருந்தது. வேறொரு சின்ன ஈ அந்தப் பூவில் முட்டை வைப்பதால் அப்படி வீங்கி இறுகுமாம். அந்த ஈயின் புழுவைத் தின்று ஒரு குளவி அதற்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கும். கோடையில் வெளியே வந்து ஒலிவக் காய்க்குள் இருக்கும் புழுவைத் தேடிப் போகும். யூபெல்மஸ் என்று அதற்குப் பெயர்.

நம்பிக்கை வரவில்லை. பத்துப் பூத்தலைகளை ஜாம் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டிச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். பிறகு ஒருநாள் காலை, துணிக்குக் கீழே எள்ளளவில் பச்சை மினுக்கத்தோடு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது! மகளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, போத்தலைத் தோட்டத்துக்கே கொண்டுபோய்த் திறந்து வைத்தேன்.

அதை மட்டும் நம்பி விளைச்சலைக் காப்பாற்ற முடியாது, இதையும் சொல்லவேண்டும். குளவி தின்பது கொஞ்சம், ஈ பெருகுவது அதிகம். போத்தலில் சின்ன ஓட்டைகள் போட்டு, நம் ஊர் வயலுக்குப் போடும் டி.ஏ.பி. உரத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி மரத்தில் தொங்கவிடுகிறோம். அந்த வாடைக்கு ஈ உள்ளே போய் விழுந்துவிடும். காயையும் முந்திப் பறிக்கிறோம். எண்ணெய் அளவு குறையும், ஆனால் சுத்தமாக இருக்கும். பற்றையை வெட்டுவதில்லை.

நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

கொல்லைப்புறம் (சாக்ரமென்டோ)

அக்கா, எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே ஆலிவ் மரம், நிழலுக்காக வைத்தது. கீழே நிறுத்திய காரில் பிசுபிசுப்பு, இலையெல்லாம் கரி பூசியது போல. நோய் என்று நினைத்துப் பூஞ்சைக்கு மருந்து வாங்கி அடித்தேன். இரண்டு மாதம் வீண். கரி பிடிப்பதற்குக் காரணம் கிளையில் ஒட்டியிருந்த கருஞ்செதில் பூச்சி. அது கழிக்கும் இனிப்பு நீரில்தான் கரும்பூஞ்சை வளர்கிறது. முதுகில் ஆங்கில 'எச்' எழுத்து மாதிரி ஒரு மேடு இருந்தால் அதுவேதான்.

செடிக்கடையில் ஒருவர் எறும்பைப் பாருங்கள் என்றார். பார்த்தால் அடிமரத்தில் எறும்புச் சாரை. இனிப்புக்காக அவை செதில் பூச்சிக்குக் காவல் இருந்து, அதைத் தின்ன வருகிற குளவிகளை விரட்டுகின்றன. அடிமரத்தில் நாடா சுற்றி அதன்மேல் பசை தடவினேன். பட்டையில் நேரடியாகத் தடவக்கூடாது. உள்கிளைகளைக் கழித்து வெயில் புகவிட்டேன், இந்த ஊர் வெயிலில் செதில் பூச்சியின் குஞ்சுகள் தாங்காது. அப்புறம் மருந்து எதுவும் அடிக்கவில்லை. அடுத்த வருடம் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, செதில்களின் முதுகில் ஊசியால் குத்தியது போல வட்ட ஓட்டைகள். குளவி தின்று முடித்து வெளியேறிய வழி. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைக் காக்க 1937-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்த மெட்டாஃபைகஸ் குளவியின் வம்சமாகவும் இருக்கலாம். அத்தனை வருடம் கழித்து என் கொல்லையில் அதற்கு வேலை இருந்திருக்கிறது என்று நினைத்தால் சிலிர்க்கிறது.

பழ ஈ எங்களுக்கும் உண்டு. 1998-இல் லாஸ் ஏஞ்சலஸில் முதலில் கண்டார்கள், சில வருடங்களில் மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குக் கென்யாவிலிருந்து சைட்டாலியா என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். கடலோரத்தில் அது நிலைத்திருக்கிறது. எங்கள் பக்கம் நான் இன்னும் பார்க்கவில்லை.

மஞ்சள்பூ (பலெர்மோ)

தம்பி, அந்தச் செதில் பூச்சி இங்கேயும் உண்டு. இத்தாலியில் அதை 'அரை மிளகு' என்பார்கள். மிளகைப் பாதியாக வெட்டிக் கிளையில் கவிழ்த்தது போலவே இருக்கும். ஒன்றுதான் கேட்கவேண்டும்: கழித்த கிளைகளை என்ன செய்தீர்கள்? உடனே குப்பை வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். மரத்திலிருந்து தள்ளி ஓரமாகச் சில வாரம் போட்டு வையுங்கள். செதிலுக்குள் இருக்கும் குளவிகள் வெளியே வந்து பறந்துபோக அந்த நாட்கள் வேண்டும்.