எரிபொருள் தீர்ந்த கப்பலைத் தேடிப் போன இரவு

எலீட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் நான் ஒரு தடவைகூடச் சண்டைக்குப் போனதில்லை. எனக்கு அது ஊர் சுற்றும் விளையாட்டு. 2014 டிசம்பரில் வெளிவந்த அதற்குள் நம் பால்வெளி மண்டலம் ஏறக்குறைய அசல் அளவிலேயே இருக்கிறது. 40,000 கோடி நட்சத்திரத் தொகுதிகள். இத்தனை வருஷம் இத்தனை பேர் சுற்றியும் அதில் ஒரு சதவீதத்தைக்கூட யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்பா படுத்த படுக்கையாக இருந்த நாட்களில்தான் இதற்குள் வந்தேன். ராத்திரியில் அவரை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நடுவில் கண்ணயர முடியாது. அப்போது எனக்குப் பிடித்துப்போனது ஹட்டன் ஆர்பிட்டல் என்ற விண்வெளி நிலையத்துக்குப் போகும் பயணம். ஆல்பா சென்டாரியில் போய் இறங்கினாலும் அந்த நிலையம் அங்கிருந்து இன்னும் 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கும். அந்த நாட்களில் ஒளியைப் போல 2001 மடங்குதான் உச்ச வேகம், அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வழியில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. கப்பலின் மூக்கை நேராக வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பலர் அதைத் தண்டனை என்பார்கள். எனக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய ஆறுதல். எதையும் சரி செய்ய முடியாத இடத்தில் பொறுமையாக இருக்க அங்கேதான் பழகினேன்.

பிறகு ஃப்யூயல் ராட்ஸ் குழுவில் சேர்ந்தேன். 2015-இல் விளையாடுபவர்களே தொடங்கியது. எரிபொருள் தீர்ந்து நடுவெளியில் நிற்பவர்களுக்குக் காசு வாங்காமல் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வகை நட்சத்திரங்களிடம் மட்டும்தான் எரிபொருள் அள்ள முடியும். மங்கலான பழுப்புக் குள்ள நட்சத்திரங்களாகப் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போனால் தொட்டி காலியாகிவிடும். நான் போன முதல் அழைப்பும் அப்படித்தான்.

சிக்கி நின்றவரிடம் உயிர்காப்பு அமைப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னோம். "கண்ணாடி முழுக்கப் பனி படிஞ்சிருச்சு, எதுவும் தெரியல" என்று எழுதினார். நான் தாவித் தாவிப் போய்ச் சேரும்வரை குழுவில் ஒருவர் அவரோடு பேசிக்கொண்டே இருந்தார். சிக்கி நின்றவர் போட்ட பீக்கனை, அதாவது இடம் காட்டும் சிக்னலை, பிடித்து இறங்கினேன். விளக்கெல்லாம் அணைந்து கப்பல் கரிக்கட்டை மாதிரி நின்றது. எரிபொருளைச் சுமந்து போய் அடுத்த கப்பலில் ஒட்டும் லிம்பெட் ட்ரோன்களை ஒவ்வொன்றாக விட்டேன். ஒன்றுக்கு ஒரு டன். இரண்டாவது போய் ஒட்டியதுமே அவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டார், கப்பல் நெடுக வெளிச்சம் ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்கு நான் செய்த எதுவும் அவரை எழுப்பவில்லை. இங்கே இரண்டு டன்னில் ஒருவர் எழுந்து நிற்கிறார்.

வேலை முடிந்தது, கிளம்பலாம். அவர்தான், "அடுத்த நட்சத்திரம் வரைக்கும் கூட வர்றீங்களா?" என்று கேட்டார். போனேன். அது கே வகை. அவர் அள்ளி முடிக்கும்வரை பக்கத்திலேயே பறந்தேன். என்னால் அங்கே செய்ய ஒன்றும் இல்லை, ஆனால் அவருக்கு அதுதான் தேவைப்பட்டது. எரிபொருளைவிட அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லி நன்றி சொன்னார். அப்பாவின் அறையில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்த இரவுகளை நான் வீண் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு அப்படி நினைப்பதில்லை.

அப்பா போய்விட்டார். மீட்புக்கு இன்னும் போகிறேன். சேர விரும்புகிறவர்களுக்கு ஒன்று: நீண்ட தூரம் தாவும் கப்பலும் லிம்பெட்டும் போதும் என்று வராதீர்கள். பதற்றத்தில் இருப்பவரிடம் நிதானமாக எழுதப் பழகிக்கொண்டு வாருங்கள். அவசர ஆக்ஸிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றால் முதலில் விளையாட்டை விட்டு முகப்புத் திரைக்கு வரச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.