பொடியளின் மென்பந்து லீக்குக்குக் காசு சேர்க்கப் போன இடத்தில்...

விசுவமடுப் பக்கத்தான்
17 வயதுக்குட்பட்ட பொடியளுக்கு மென்பந்து கிரிக்கெட் லீக் நடத்துகிறோம். கிண்ணத்துக்கு ஆள் பிடிப்பது என் வேலை. அது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும்தானே: ஒரு வீட்டில் இறந்தவரின் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம், காசு அவர்களுடையது, பதாகையில் படம். இந்த முறை ஒரு அம்மா தானாகவே கூப்பிட்டார். மகனை 2009 மே மாதம் வட்டுவாகலில் கூட்டிக்கொண்டு போனவர்கள், இன்றுவரை தகவல் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் நடத்துகிற போராட்டத்தில் இருக்கிறவர். "படம் போடுங்கோ தம்பி, விளக்கும் மாலையும் வேண்டாம். அவன்ர பிறந்தநாளுக்குத்தான் கிண்ணம்" என்றார்.

பதாகைக் கடையில் வழக்கப்படி விளக்கு வைத்துத்தான் அடிக்கப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்று எடுப்பித்தேன். இறுதிப் போட்டியன்று அறிவிப்பாளர் வாய்ப்பழக்கத்தில் ஒலிபெருக்கியில் "அமரர்" என்று தொடங்கிவிட்டார். அம்மா எழும்பி மேசையடிக்கு வந்து, கிண்ணத்தைக் கையில் எடுக்காமலே சொன்னார்: "தம்பி, திருப்பி வாசியுங்கோ." முழு மைதானமும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் திருத்தி வாசித்த பிறகுதான் கிண்ணத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

அடுத்த வருடத்துக்கு அவரிடம் போவதா, விடுவதா? அதுதான் மண்டைக்குள் நிற்கிறது.

மல்லாவியான்
எங்கள் பக்கம் காசு கேட்டால் கிடைக்காது, நெல் கேட்டால் கிடைக்கும். பெரும்போக அறுவடைக்குள் மாசி, பங்குனியில் உழவு இயந்திரத்தோடு வயல் வயலாய்ப் போவோம். ஒரு ஐயா மெசினால் இறங்கிய கையோடு இரண்டு மூடை தந்தார், சொட்டச் சொட்ட ஈரம். ஈரம் கூடினால் தனியார் ஆலையில் நிறையைக் கழிப்பார்கள். ஐயாவிடம் மெல்ல இழுத்தேன். "நான் தந்தது நெல்லு. காய வைக்கிற உடம்பு உங்களிட்டத்தான் இருக்கு" என்றார்! பயிற்சிக்கு வந்த பொடியள் முழுப்பேரும் வீதியோரம் படங்கு விரித்து நெல்லைக் கிளறிக்கொண்டு நின்றார்கள். பின்னேரம் அதே ஐயா சைக்கிளில் வந்து, ஒவ்வொரு படங்கிலும் ஒரு பிடி அள்ளிக் கடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார். நல்லது என்றாரா, கெட்டது என்றாரா, இன்னும் விளங்கவில்லை.

பழைய பொருளாளர்
விசுவமடுத் தம்பி, குறை நினைக்கவேண்டாம். இந்தக் கிண்ணப் பழக்கத்தையே நிறுத்த வேண்டும். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டில் ஏன் இவ்வளவு துக்கம்? எனக்கும் ஒரு சம்பவம் உண்டு. ஒரு கடைக்காரர் ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டி, "பற்றுச்சீட்டு இல்லையெண்டா தாளைத் திருப்பித் தாரும்" என்றார். அவ்வளவுதான் என் கதை.

அதிலிருந்து சொல்கிறேன். முதலில் கழகத்தைப் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் மூலம் பதியுங்கள். கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறவுங்கள், இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அந்த இரண்டு பேரும் ஒரே வீடாக இருக்கக்கூடாது. இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம், அடிக்கட்டை பத்திரம். பொருளாகத் தந்தால் பொருள் என்றே எழுதுங்கள், மதிப்புப் போட்டுப் பிறகு சண்டை பிடிக்க வேண்டாம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியை முன்கூட்டியே எடுங்கள். அணிப்பதிவுக் காசைப் பரிசுக்கு எடுக்காதீர்கள், அது பந்துக்கும் நடுவருக்கும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியபோது இறக்குமதிப் பந்து என்ன விலைக்கு ஏறியது என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். முடிந்ததும் கணக்கை வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். யாரும் வாசிக்க மாட்டார்கள், ஆனாலும் ஒட்டுங்கள்.

நெடுங்கேணிப் பொடியன்
அண்ணை, சுவரில் ஒட்டினால் வாசிக்கிறார்கள், அதுதான் பிரச்சினையே.

எங்களுக்கு ரீசேட் முழுக்க லண்டனில் இருக்கிற ஊர் அண்ணா ஒருவர் போட்டார். பரிசளிப்பை வீடியோவில் காட்டச் சொன்னார். சரி, போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பொடியளைப் பார்க்கவில்லை. "மைதானத்துக்குப் பின்னால அந்தப் பாலை மரம் நிக்குதா? அங்கால திருப்பு" என்றார். மரம் இல்லை. திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். ரீசேட்டில் தன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

விசுவமடுப் பக்கத்தான்
பொருளாளர் அண்ணை, நான் கேட்டது கணக்கு வைப்பது எப்படி என்று இல்லை. பற்றுச்சீட்டு என்னிடமும் உண்டு. அந்த அம்மாவுக்கு அது துக்கம் இல்லை, பிறந்தநாள். நிறுத்து என்று அவரிடம் நீங்கள் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பழைய பொருளாளர்
நான் பொதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பற்றுச்சீட்டில் "நன்கொடை" என்று எழுதினீர்களா, "அனுசரணை" என்று எழுதினீர்களா? இரண்டும் வேறு.

மல்லாவியான்
விசுவமடு, அவரிடம் போங்கள். கேட்கப் போகாவிட்டால்தான் மனம் நோகும். அறிவிப்பாளரை மட்டும் மாற்றுங்கள்.