பிள்ளைக்குக் கதை ஆட்டம் சொல்லிக்கொடுக்க எந்த விதிப் புத்தகம் எடுத்தீர்கள்?

காரைக்குடி அம்மான்:

கோடை விடுமுறைக்கு அக்கா மகள் ஊருக்கு வந்திருந்தாள். ஒன்பது வயது. நான் கல்லூரி நாட்களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விடிய விடிய ஆடியவன். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடுகிற கதை ஆட்டம் அது. அந்த ருசியை அவளுக்கும் காட்ட வேண்டும் என்று ரொம்ப ஆசை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை எடுத்துக்கொண்டு, முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் உட்கார்ந்தோம். 320 பக்கம். என்ன இனம், என்ன தொழில், ஆறு குணங்களுக்கும் என்ன எண், அந்த எண்ணுக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று பாத்திரத்தின் விவரம் எழுதும் கேரக்டர் ஷீட் ஒன்றை நிரப்பவே ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. "அம்மான், கதை எப்ப ஆரம்பிக்கும்?" என்று மூன்று தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. எழுந்து அவள் ஆயாவோடு, அதாவது என் ஆத்தாவோடு, தாயம் ஆடப் போய்விட்டாள்.

நான் தாளும் கையுமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும்" என்று ஆத்தா ஒரே வரிதான் சொன்னார்கள், ஆட்டம் தொடங்கிவிட்டது. வெட்டுவது, மறு ஆட்டம் கிடைப்பது எல்லாம் ஆட ஆடத் தானாக வந்தன. விதிப் புத்தகத்தைப் படிக்க வேண்டியது பெரியவர்தான். பிள்ளைக்கு அது வாய்வார்த்தையாகத்தான் போய்ச் சேர வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போதெல்லாம் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும், இதை எங்கள் வீட்டுத் தமிழில் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிட முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அப்படித் தேடியதில் கிடைத்தது மவுஸ்ரிட்டர். ஐசக் வில்லியம்ஸ் எழுதியது, 2020இல் வந்தது. பிடிஎஃப் இணையத்தில் நம்மால் முடிந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆடுகிறவர் ஒரு சுண்டெலி. குணங்கள் மூன்றுதான்: பலம், சுறுசுறுப்பு, மனத்திடம். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆறுமுகப் பகடை உருட்டி, பெரிய இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆபத்தான காரியம் வந்தால் இருபது முகப் பகடை. அந்தக் குணத்தின் எண்ணுக்குள் விழுந்தால் ஜெயம். இவ்வளவையும் சொல்ல எனக்குக் காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு வந்த மறுநாள் அது. எலிக்கு 'மூஞ்சூறார்' என்று பெயர் வைத்துவிட்டாள். வரைபடம் எதுவும் வரையவில்லை, எங்கள் வீடே போதுமாக இருந்தது. எலி முகப்பில் கிளம்பி, வளவைக் கடந்து, ரெண்டாங்கட்டு அடுப்படியில் தகர டின்னில் இருக்கும் சீப்புச் சீடையை எடுத்து, காய்ச்சலில் படுத்திருக்கும் தம்பி எலிக்குக் கொண்டுவர வேண்டும். முற்றத்து வெளிச்சத்தில் பூனை படுத்திருக்கிறது என்றேன். அவள் குனிந்து தரையைப் பார்த்துவிட்டு, "ஆத்தங்குடிக் கல்லில் பூவோட நடு கறுப்பா இருக்குல்ல, அதிலேயே மிதிச்சு மிதிச்சுப் போவேன், பூனைக்குத் தெரியாது" என்றாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. சரி, பகடை இல்லாமலே முற்றத்தைத் தாண்டு என்று விட்டுவிட்டேன்.

இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது எலியின் மூட்டை. அது பத்தே கட்டம். ஒவ்வொரு பொருளும் ஒரு சின்ன அட்டை. வெட்டி எடுத்துக் கட்டத்தில் வைக்க வேண்டும். பசியும் ஒரு அட்டைதான், அதுவும் ஒரு கட்டத்தை அடைத்துக்கொள்ளும்! திரும்பி வரும் வழியில் பசி அட்டையைக் கொடுத்தபோது மூட்டையில் இடமே இல்லை. சீடையைத் தின்றால் பசி போய்விடும். ஆனால் அது தம்பிக்கு. அட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கடைசியில் தன் வாளாக வைத்திருந்த ஊசியை எடுத்துத் தரையில் வைத்தாள். "இது வேண்டாம்."

திரும்பும்போது பூனை விழித்துவிட்டது. இந்த ஆட்டத்தில் அடி பட்டதா இல்லையா என்று பார்க்கிற பகடை கிடையாது, காயம் எவ்வளவு என்று நேரே உருட்டிவிட வேண்டியதுதான். ஊசியும் இல்லை. மூஞ்சூறார் செத்துப்போனார். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அது முழுக்க என் தப்பு. எலி சாகலாம் என்று புத்தகம் எனக்குச் சொல்லியிருந்தது, நான் அவளுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. காலையில் அவளாகவே ஒரு புதுத் தாளோடு வந்தாள். தம்பி எலி, காய்ச்சல் விட்டு, அண்ணனைத் தேடிக் கிளம்புகிறதாம்.

உங்கள் வீடுகளில் எப்படிப் போனது என்று சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் பெரியப்பா:

முன்னோருக்குப் படையல் வைக்கிற படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடியபோதுதான் எங்களுக்கு இப்படி ஒரு ஆட்டம் தேவைப்பட்டது. ஆறு பிள்ளைகள், ஏழிலிருந்து பதின்மூன்று வயது வரை, சென்னையும் சிங்கப்பூரும் கலந்து. அந்தச் சந்தடியில் புத்தகமாவது! லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் என்று ஜான் ஹார்ப்பர் 2013இல் எழுதிய ஆட்டம் இருக்கிறது, மொத்த விதியும் ஒரே பக்கம். ஆளுக்கு ஒரு எண், 2 முதல் 5க்குள். அறிவால் செய்யும் வேலைக்கு அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும், மனதால் செய்யும் வேலைக்கு மேலே. நான் அதை 'புத்தி', 'நெஞ்சு' என்று மாற்றிக்கொண்டேன். அதில் வரும் விண்வெளிக் கப்பலை ரங்கூனுக்குப் போகும் கப்பலாக்கிவிட்டேன். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஆளுக்கு ஒரு எண் எழுதிக் கொடுத்தேன், பரமபதப் பகடை ஒன்று போதுமாக இருந்தது.

அதில் ஒரு அருமையான விதி: சரியாக அதே எண் விழுந்தால், நடத்துகிறவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். வாயே திறக்காத ஏழு வயதுப் பையனுக்கு அது விழுந்தது. "கப்பல்ல யாரு பொய் சொல்றா?" என்று கேட்டான். கதையே திரும்பிவிட்டது. அதன் பிறகு பெரிய பிள்ளைகள் எல்லோரும் அவனைக் கேட்டுக் கேட்டுத்தான் நகர்ந்தார்கள்.

ஆனால் அண்ணன் தம்பி சச்சரவுக்கு இந்த ஒரு பக்கத்தில் தீர்வு இல்லை. கப்பலுக்கு யார் தலைவர் என்பதிலேயே அரை மணி நேரம் போனது. அதை முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள்.

தேவகோட்டை அம்மா:

அம்மான் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. என் மகனுக்குப் பதினொன்று. சின்னச் சின்ன ஆட்டமெல்லாம் காட்டினேன், "இது பாப்பா விளையாட்டு" என்று தள்ளிவிட்டான். அவனுக்குப் பெரிய புத்தகம்தான் வேண்டும். பூதங்களின் பட்டியல், மந்திரங்களின் பட்டியல், கூட்டல் கழித்தல், அத்தனையும். எங்களுக்கு ஒரே பிள்ளை, தெருவில் அவன் வயதுக்கு ஆளும் இல்லை. அதனால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலேயே 2019இல் வந்த எசென்ஷியல்ஸ் கிட் என்ற தொடக்கப் பெட்டியை வாங்கினேன். நடத்துபவர் ஒருவர், ஆடுபவர் ஒருவர் என்று இரண்டு பேரே ஆடலாம். துணைக்கு ஒரு கூட்டாளிப் பாத்திரம் வைத்துக்கொள்ள அதில் விதி இருக்கிறது. அதே ஆட்டத்துக்கு 2014இல் வந்த ஸ்டார்ட்டர் செட்டில் பாத்திரங்கள் தயாராகவே வந்துவிடும், நாமாக உருவாக்க அதில் வழி இல்லை. இவனுக்கு உருவாக்குவதில்தான் சந்தோஷமே. கதை எப்போது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நான் தினம் இரவு இரண்டு பக்கம் படித்து வைத்துக்கொள்கிறேன். தெரியாத ஆங்கில வார்த்தையை அவன் அகராதியில் தேடி எனக்குச் சொல்கிறான். தாளை நிரப்புவதையே ஆட்டமாக ரசிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து அந்தத் தாளைப் பிடுங்கக் கூடாது.

ஒரு கேள்வி: என் நாத்தனார் மகளுக்கு ஐந்து வயது, அவளும் கூட உட்காருவேன் என்று அடம்பிடிக்கிறாள். அவளுக்கு எது சரிவரும்? பல முகப் பகடை இல்லாமல் ஆட வழி உண்டா?

காரைக்குடி அம்மான்:

ஆச்சி, நீங்கள் சொல்வது நியாயம். நான் என் மருமகளை மட்டும் வைத்துப் பேசிவிட்டேன்.

ஐந்து வயதுக்கு மார்ட்டின் லாய்டின் அமேசிங் டேல்ஸ் பாருங்கள். பிள்ளை நான்கு திறமை சொல்ல வேண்டும். மிக நன்றாக வருவதற்குப் பன்னிரண்டு முகப் பகடை, அப்புறம் பத்து, எட்டு, ஆறு. எதை உருட்டினாலும் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஜெயம். கூட்டல் இல்லை, உயிர்க் கணக்கும் இல்லை. மூன்று வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

பகடை தபாலில் வரும்வரை நாங்கள் ஆத்தாவின் பித்தளைத் தாயக்கட்டையைத்தான் உருட்டினோம். ஒரு கட்டைக்கு 0, 1, 2, 3 என்று நான்கு பக்கம், இரண்டுக்கும் சேர்த்து 16 வழி. அதில் 3 விழ நான்கு வழி. தாயம், அதாவது 1, விழ இரண்டு. இரண்டிலும் 0 விழுந்தால் பன்னிரண்டு, அதற்கு ஒன்றே ஒன்று. 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் ஜெயம் என்று முதலில் வைத்தேன், அதாவது 4, 5, 6, 12. 16க்கு 7 வழிதான், பிள்ளை சீக்கிரம் சோர்ந்துவிட்டாள். 3ஐயும் சேர்த்தபோது 11 ஆயிற்று, அது அவளுக்குப் பொருந்தியது. ஆத்தாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. "மூணுதான் எப்பவும் விழும்" என்று அவர்களே சொல்லிவிட்டு, தம்பி எலிக்குத் தானே உருட்டுகிறேன் என்று கட்டையை வாங்கிக்கொண்டார்கள்.