போப்பின் பிரிட்டன் பயணம்: அந்த 18.5 லட்சம் பவுண்டு யாருடைய பணம்?

கணக்குப்பிள்ளை:
பக்கத்து இழையில் மன்னார் அந்தோனி எழுதியது இது: "2010இல் திருத்தந்தை பெனடிக்ட் பிரிட்டன் வந்ததற்கு ஏழை நாடுகளின் உதவிப் பணத்தைத் தொட்டார்கள் என்பது நாத்திகர் கட்டிவிட்ட கதை." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஊரறிந்த கணக்கைக் கதை என்று எழுத எப்படி மனம் வருகிறது?

போப் அங்கே இருந்தது செப்டம்பர் 16 முதல் 19 வரை. அரசின் பங்கு 80 லட்சம் பவுண்டு என்று முதலில் சொன்னார்கள். ஜூலை வந்ததும் அது 1 கோடி முதல் 1.2 கோடி வரை ஆனது, அதுவும் காவல் செலவு சேராமல். இந்தத் தொகையைப் பல துறைகளிடம் பிரித்து வாங்கினார்கள். அதில் சர்வதேச வளர்ச்சித் துறை, அதாவது ஏழை நாடுகளுக்கான துறை, 18.5 லட்சம் பவுண்டை வெளியுறவுத் துறைக்கு மாற்றிக் கொடுத்தது. 2011 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் சர்வதேச வளர்ச்சிக் குழு இதைக் கேள்வி கேட்டது. குழுத் தலைவர் மால்கம் புரூஸ் அப்போது கூட்டணி ஆட்சியில் இருந்த லிபரல் டெமாக்ரட் கட்சிக்காரர். அவரும் கதை கட்டினாரா?

மன்னார் அந்தோனி:
முழுசா வாசிச்சிட்டு எழுதுங்கோ ஐயா. அந்தக் குழுவுக்குத் துறை சொன்ன பதிலை ஏன் மறைக்கிறீங்கள்? அந்த 18.5 லட்சம் அதிகாரபூர்வ வளர்ச்சி உதவிக் கணக்கில, அதுதான் ஓடிஏ, சேர்க்கப்படவே இல்லை. தேசிய வருமானத்தில 0.7 சதவீதம் உதவிக்கு எண்ட இலக்கிலயும் அதைக் காட்டேல்லை. உதவி எண்டு கணக்கில வராத காசை உதவிப் பணம் எண்டு கத்தினால் அது கதைதான். வளரும் நாடுகளில மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் நடத்துறதில கத்தோலிக்க சபைக்கு இருக்கிற பங்கை மதிச்சுத்தான் அந்தப் பங்களிப்பு எண்டு துறையே சொன்னது. இதையும் சேர்த்து எழுதியிருந்தால் நேர்மை.

வெண்தாடி:
இருவரும் ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட்டுப் பேசுங்கள். வந்தவர் நாட்டுத் தலைவரா, மதத் தலைவரா? 1982இல் அப்போதைய போப் இரண்டாம் ஜான் பால் வந்தது மேய்ப்புப் பயணம், அதாவது மதத் தலைவராக வந்தது; செலவு சபையுடையது. 2010இல் வந்தது அரசுமுறைப் பயணம், அரசி அழைத்தது. வத்திக்கானின் பரப்பு 44 ஹெக்டேர். 1929இல் முசோலினியோடு போட்ட லாத்தரன் ஒப்பந்தத்தில் உருவான நாடு அது. 'அரசுமுறை' என்றால் என்ன என்று பேசாமல் பணத்தைப் பேச முடியாது.

கணக்குப்பிள்ளை:
வெண்தாடி, அது வேறு இழைக்கு ஆகும். இங்கே பேச்சு 18.5 லட்சம்.

அந்தோனி சொல்வதில் உள்ள ஓட்டை இதுதான். ஓடிஏ என்பது செலவு நடந்த பிறகு எந்தத் தலைப்பில் பதிவது என்கிற விதி. பணம் எந்தத் துறையின் ஒதுக்கீட்டிலிருந்து கழிந்தது என்பது தனிக் கேள்வி. நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட ஒதுக்கீட்டை ஒரு துறைக்குள் தலைப்பு மாற்றிக்கொள்ள நிதித் துறையின் சம்மதம் போதும். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு நகர்த்த வேண்டுமானால் துணை மதிப்பீடு, அதாவது ஆண்டு நடுவில் நாடாளுமன்றத்திடம் வைக்கும் திருத்திய ஒதுக்கீடு, வரவேண்டும். அதில் கொடுக்கும் துறைக்குக் கழித்தல் விழும், வாங்கும் துறைக்குக் கூட்டல் விழும். இங்கே கழித்தல் விழுந்தது சர்வதேச வளர்ச்சித் துறைக்கு. ஓடிஏவில் காட்டாததால் அந்தக் கழித்தல் அழிந்துவிடாது.

0.7 இலக்கைக் கேடயமாகத் தூக்குவது அதைவிட மோசம். துறையின் பதிலிலேயே '2013 முதல்' என்று இருக்கிறது. பயணம் நடந்தது 2010-11 நிதியாண்டில். மூன்றாண்டு கழித்து வரப்போகும் இலக்கில் கை வைக்கவில்லை என்பது ஒரு பதிலா?

மன்னார் அந்தோனி:
அந்தத் துறையின்ர ஒதுக்கீடு முழுக்க ஏழைகளின்ர வாய்க்குப் போறது எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? பழைய காலனி நாடுகளில வேலை செய்த பிரிட்டிஷ் அதிகாரிகளின்ர ஓய்வூதியத்தையும் அந்தத் துறைதான் பார்த்தது. அது ஆருக்கு வளர்ச்சி? ஓடிஏவுக்கு வெளியில செலவு செய்யத் துறைக்கு எப்பவும் இடம் இருந்தது. 18.5 லட்சம் அந்த இடத்திலதான் வந்தது. திருத்தந்தை எண்டவுடன மட்டும் உங்களுக்குக் கண் சிவக்குது.

சட்டப்புள்ளி:
துறைக் கணக்கிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். எந்தச் செலவு என்று பிரித்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1979இலேயே இது நீதிமன்றம் போனது. பிலடெல்பியாவில் லோகன் சர்க்கிளில் இரண்டாம் ஜான் பால் திருப்பலி (கத்தோலிக்கப் பூசை) நிறைவேற்றிய மேடையை நகராட்சி தன் செலவில் கட்டியது. அது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. அதே பயணத்தில் வாஷிங்டன் நேஷனல் மாலில் நடந்த திருப்பலியை நிறுத்தக் கோரி நாத்திகச் செயற்பாட்டாளர் மாடலின் மரே ஓஹேர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் நிறுத்த மறுத்தது, ஏனென்றால் அங்கே மேடைச் செலவு மறைமாவட்டத்துடையது. அரசு செய்தது காவலும் கூட்ட ஒழுங்கும். பலிபீட மேடைக்குப் பணம் கொடுக்காதே, தடுப்பு வேலிக்குக் கொடுக்கலாம். கோடு அங்கே விழுகிறது.

கணக்குப்பிள்ளை:
அமெரிக்காவில் அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்கிற அரசியல் சட்ட முதல் திருத்தம் இருக்கிறது. பிரிட்டனில் அப்போது அரசியே இங்கிலாந்து திருச்சபையின் உச்ச ஆளுநராக இருந்தார், 26 ஆயர்கள் பிரபுக்கள் அவையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே மதச்சார்பின்மையைக் காட்டி வழக்கு நிற்காது. அதனால்தான் எந்தத் துறை கொடுத்தது என்பதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். 18.5 லட்சம்.

வடக்குவாசல்:
செலவைப் பிரித்துப் பார்ப்பதென்றால் மைதானத்தையும் பாருங்கள். பர்மிங்காம் கோஃப்டன் பூங்காவில் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கர்தினால் நியூமனுக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்த திருப்பலிக்கு ஆளுக்கு 25 பவுண்டு கேட்டார்கள். அது பலிக்குக் கட்டணமில்லை, போக்குவரத்துக்கும் ஏற்பாட்டுக்கும் பங்களிப்பு என்று சபை விளக்கியது. நினைத்த நேரத்தில் தனியாக நடந்து போய்விட முடியாது. தங்கள் பங்குக் கோயிலில் பெயர் கொடுத்து, குழுத் தலைவரோடு, குறிப்பிட்ட பேருந்தில், விடியுமுன்னே போய்ச் சேர வேண்டும். பாதுகாப்புச் சோதனை அப்படி. வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் இதிலேயே கழன்றுகொண்டார்கள். 1982இல் கிளாஸ்கோ பெல்லஹூஸ்டன் பூங்காவில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். 2010இல் அதே பூங்காவில் ஒரு லட்சம்கூடத் தேறவில்லை. தலைகள் குறைந்தாலும் வேலி, சோதனை வாயில், கழிப்பறை, முதலுதவி, ஒலியமைப்பு எல்லாம் வந்தே தீரும். கடைசியில் தலைக்குச் செலவு ஏறும்.

மன்னார் அந்தோனி:
வடக்குவாசல் தம்பி, அந்த மேடையும் பூங்காவும் சபையின்ர செலவு. 90 லட்சம், ஒரு கோடி எண்டு சபை தன் பங்குக்குத் திரட்டினது. கணக்குப்பிள்ளை ஐயா அந்தப் பக்கத்தைத் திருப்பவே மாட்டார். ஹஜ் மானிய இழையில இவர் என்ன எழுதினவர் எண்டு எல்லாருக்கும் தெரியும். "மானியம் பயணிக்குப் போகவில்லை, விமான நிறுவனத்துக்குத்தான் போனது, அதனால் அது மதச் செலவு இல்லை" எண்டு மூண்டு பக்கம் எழுதினவர். அங்க பணம் போய்ச் சேர்ந்த இடம் முக்கியம், இங்க புறப்பட்ட இடம் முக்கியமோ?

கணக்குப்பிள்ளை:
ஹஜ் மானியத்தை இழுத்துத் தப்பிக்க வேண்டாம். அதைப் பத்தாண்டுக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்லி 2012இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2018இல் அரசு நிறுத்தியது. அது முடிந்த கணக்கு. நான் அன்று சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை.

சபை தன் பங்கைத் திரட்டியது என்கிறீர்கள். அந்தப் பங்கில் ஒரு பகுதியை அரசுதான் முன்பணமாகக் கட்டியது, பயணம் முடிந்து சில மாதம் கழித்தே திரும்ப வாங்கியது. வட்டியில்லாமல் எந்தக் கோயில் திருவிழாவுக்கு இப்படிக் கொடுப்பார்கள்?

சட்டப்புள்ளி:
காவலுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1996 காவல் சட்டம் 25ஆம் பிரிவுப்படி, அமைப்பாளர் கேட்டு அனுப்பும் சிறப்புக் காவல் சேவைக்குக் கட்டணம் வாங்கலாம். கால்பந்து கிளப்புகள் அரங்குக்குள் நிற்கும் போலீசுக்குக் கட்டுவது அதன்படிதான். அரங்குக்கு வெளியே தெருவில் நிற்பது பொதுக் கடமை, அதற்கு வாங்க முடியாது. லண்டன் ஹைட் பார்க்கில் போப் நடத்திய வழிபாட்டுக்கு வேலிக்குள் நின்றவர்களையும் வெளியே நின்றவர்களையும் பிரித்தாலே பாதி சண்டை தீர்ந்துவிடும்.

மன்னார் அந்தோனி:
நல்லது, அப்ப அந்தச் சனிக்கிழமை ஹைட் பார்க் கார்னரில இருந்து டவுனிங் தெரு வரைக்கும் திருத்தந்தைக்கு எதிரா ஊர்வலம் போன ஆயிரக்கணக்கான ஆக்களுக்குக் காவல் போட்டது ஆற்ற காசு? அதுவும் வரிப்பணம்தானே. அதுக்கு ஒருத்தரும் ரசீது கேட்கேல்லை.

கணக்குப்பிள்ளை:
ஊர்வலம் போவது குடிமக்களின் உரிமை. அருளாளர் பட்டம் கொடுப்பது ஒரு மதத்தின் உள்வேலை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் 17ஆம் தேதி உரையாற்றியதற்கு அரசு செலவழித்தது என்றால் ஒரு நியாயம் சொல்லலாம். 19ஆம் தேதி கோஃப்டன் பூங்காவில் நடந்தது அரசுமுறை நிகழ்ச்சியா?

வெண்தாடி:
இதைத்தானே நான் முதலிலேயே கேட்டேன்.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் கேட்டது வத்திக்கான் நாடா என்று. நான் கேட்பது நிகழ்ச்சி வாரியாக. அந்தோனி, நேரடியாகச் சொல்லுங்கள்: சர்வதேச வளர்ச்சித் துறையின் ஒதுக்கீட்டில் 18.5 லட்சம் குறைந்ததா, இல்லையா?

மன்னார் அந்தோனி:
உதவியில ஒரு பென்னியும் குறையேல்லை. பத்துத் தரம் கேட்டாலும் இதுதான் பதில். இப்ப நீங்கள் சொல்லுங்கோ, கோஃப்டன் மேடைக்கு அரசு காசு குடுத்தது எண்டு ஒரு தாள் காட்ட ஏலுமோ?

கணக்குப்பிள்ளை:
மேடைக்குக் கொடுத்தது என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படியுங்கள். நான் கேட்டது ஒதுக்கீட்டைப் பற்றி, நீங்கள் பதில் சொல்வது உதவியைப் பற்றி.

வடக்குவாசல்:
அந்த 25 பவுண்டில் பேருந்துக்குப் போக மீதி எவ்வளவு என்று யாராவது பார்த்தீர்களா? அதை வைத்துத்தான் மைதானச் செலவு எவ்வளவு மூடியது என்று சொல்ல முடியும்.

மன்னார் அந்தோனி:
தம்பி, நீங்கள் இப்ப ஆற்ற பக்கம்?