பழைய மாருதி 800: துருத் தண்ணியை எடுத்துட்டு கூலண்ட் ஊத்தணும். எது, எவ்வளவு?

குருவிக்காரன்சாலை_800:

1999 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, ஏசி உண்டு. ரேடியேட்டர் மூடியைத் திறந்தா டீ கலர்ல தண்ணி நிக்குது. முன்னாடி வச்சிருந்தவங்க போர் தண்ணியை ஊத்தியே ஓட்டியிருக்காங்க. ஓடும்போது டெம்பரேச்சர் முள்ளு பாதியைத் தாண்டுறதில்ல. கோரிப்பாளையம் சிக்னல்ல ஏசி போட்டு நின்னா முக்கால் வரைக்கும் ஏறுது, வண்டி நகர்ந்ததும் இறங்கிடுது. அடுத்த மாசம் கொடைக்கானல் ஏறணும்.

பச்சை வாங்கவா, சிவப்பு வாங்கவா? தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணி போகாம தடுக்கிற வால்வு) கழட்டி வீசிடுங்க, மதுரை வெயிலுக்கு அது எதுக்குன்னு மெக்கானிக் சொல்றாரு. சரியா? பழைய வண்டியில கூலண்ட் ஊத்தினா லீக் ஆரம்பிக்கும்னும் சொல்றாங்க.

ஒத்தக்கடை_ஸ்பேனர்:

கலரை விடுங்க. அது வெறும் சாயம், எந்தக் கம்பெனியும் எந்தக் கலரும் போடலாம். டப்பாவுக்குப் பின்னாடி ஐஎஸ் 5759, ஜேஐஎஸ் கே 2234, ஏஎஸ்டிஎம் டி3306, இந்த மூணுல ஒண்ணாவது அச்சாகியிருக்கான்னு பாருங்க. எதுவுமே இல்லாம பச்சையா மட்டும் இருந்தா, சாயத் தண்ணிக்குக் காசு குடுக்குறீங்கன்னு அர்த்தம்.

அடுத்து ரேடியேட்டரைப் பாருங்க. மேல் டேங்க் பித்தளையா, கறுப்பு பிளாஸ்டிக்கா? பித்தளைன்னா உள்ள ஈயப் பத்து இருக்கும். அதுக்கு சிலிக்கேட் சேர்ந்த பழைய வகை கூலண்ட்தான் என் சிபாரிசு. 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர்ல மாத்திடணும். பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியக் கோரும்னா ஆர்கானிக் ஆசிட் வகை, அதாவது ஓஏடி, தாராளமா போடலாம். அது 5 வருஷம் வரை தாங்கும். ரெண்டையும் கலக்கக் கூடாது. ஒண்ணுல இருக்கிற துருத் தடுப்பு மருந்தை இன்னொண்ணு கெடுத்துடும், சில ஜோடி கூழாவே மாறிடும்.

தண்ணிதான் முக்கியம். நம்ம பக்கத்து போர் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு, சூடான ஹெட்டோட (எஞ்சினோட மேல் பாகம்) உள்பக்கம் பாறையா படியும். அந்தப் படிவு சூட்டை வெளிய விடாது. பேட்டரி கடையில விக்கிற டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேன் வாங்குங்க. பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரி கேன்லதான் வரும், லேபிளைப் படிச்சு வாங்குங்க. வீட்டு ஆர்ஓ தண்ணி அவசரத்துக்கு ஓகே, அதுலயும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டாதீங்க. எஞ்சின் எப்பவும் அரைச் சூட்டுல ஓடும், பெட்ரோல் குடிக்கும், ஆயில்ல ஈரம் சேர்ந்து சளி பிடிக்கும். சந்தேகமா இருந்தா கழட்டி ஒரு பாத்திரத் தண்ணியில தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோட அடுப்புல வைங்க. அதுல 82னு அச்சிட்டிருந்தா 82 டிகிரியில வாய் திறக்க ஆரம்பிக்கணும், 95 பக்கம் முழுசா திறக்கணும். திறக்கலைன்னா புதுசு போடுங்க, கூடவே கேஸ்கெட்டும் (இணைப்புல ஒழுகாம அடைக்கிற தாள்). அதோட தட்டுல ஆடிக்கிட்டிருக்கிற சின்ன ஊசி மேல் பக்கம் வர்ற மாதிரி வைக்கணும். காத்து வெளியேறுற வழி அதுதான்.

திருநகர்_அம்பி:

இங்க என்ன பனியா பெய்யுது? அம்பாசடர் காலத்துலேருந்து பச்சைத் தண்ணியிலதான் ஓடிக்கிட்டிருக்கு. வாரம் ஒரு தடவை மூடியைத் திறந்து பாத்தா போதும், கூலண்ட் எல்லாம் வீண் செலவு.

ஒத்தக்கடை_ஸ்பேனர்:

அண்ணே, அம்பாசடர் பழைய பெட்ரோல் எஞ்சின்ல பிளாக்கும் (ஹெட்டுக்குக் கீழ இருக்கிற பெரிய பாகம்) வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. துருப்பிடிச்சாலும் ரெண்டும் ஒரே வேகத்துல பிடிக்கும், கனமும் ஜாஸ்தி. 800ல பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ரெண்டு உலோகத்துக்கு நடுவுல உப்புத் தண்ணி நின்னா அலுமினியம்தான் கரையும். முதல்ல அரிக்கிறது கேஸ்கெட் உட்கார்ற விளிம்பு. பனிக்காக இங்க யாரும் கூலண்ட் ஊத்தலை, துருவைத் தடுக்கிற மருந்துக்காகத்தான்.

அதுக்காக முழுசா கான்சென்ட்ரேட்டை (தண்ணி கலக்காத கூலண்ட்) ஊத்துறதும் தப்பு. கூலண்டோட மூலப்பொருளான கிளைகாலை விட தண்ணிதான் சூட்டை நல்லா சுமக்கும். நம்ம ஊருக்கு 35லேருந்து 40 சதம் போதும், 50ஐத் தாண்ட வேண்டாம். 30க்குக் கீழ போனா மருந்து பத்தாது.

வத்தலக்குண்டு_ரோடு:

கேட்டவருக்கு ஒண்ணு. நின்னா ஏறுது, நகர்ந்தா இறங்குதுன்னா அது பெரும்பாலும் ரேடியேட்டர் வழியா காத்து பத்தாத பிரச்சினை. கூலண்ட் மாத்தினாலும் அது அப்படியேதான் இருக்கும். நெடுஞ்சாலையில 80ல போகும்போது ஏறினாத்தான் ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்குன்னு சந்தேகப்படணும்.

எஞ்சினை ஐடில்ல விட்டு சூடேத்துங்க. ஃபேன் ஓட ஆரம்பிச்சதும் கிரில் பக்கம் ஒரு முழுத் தாள் தினத்தந்தியைப் பிடிங்க. தாள் ஒட்டி நிக்கணும். தள்ளிச்சுன்னா, மோட்டாரைச் சரி பண்ணவங்க ஒயரை மாத்திக் குடுத்திருக்காங்க, ஃபேன் எதிர்ப்பக்கமா சுத்துது. ஒட்டாம தொங்குச்சுன்னா கார்பன் பிரஷ் தேஞ்சு மெதுவா சுத்துது, இல்லைன்னா ஃபின் (ரேடியேட்டரோட மெல்லிய தகடுகள்) அடைச்சிருக்கு. ஃபேன் ஓடவே இல்லைன்னா தெர்மோ சுவிட்ச் கனெக்டரைக் கழட்டி, இக்னிஷன் ஆன்ல, ரெண்டு ஒயரையும் ஒரு துண்டு ஒயரால சேருங்க. ஒத்தை ஒயர்னா பாடி எர்த்ல வைங்க. ஓடினா சுவிட்ச் போச்சு. ஓடலைன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார்னு வரிசையா பாருங்க.

ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னாடி அதே மாதிரி நிக்கிற ஏசி பாகம்) ரேடியேட்டருக்கும் நடுவுல டார்ச் அடிச்சுப் பாருங்க. பூச்சி, வேப்பிலைச் சருகு, புழுதி எல்லாம் மெத்தை மாதிரி கிடக்கும். எஞ்சின் பக்கத்துலேருந்து முன்பக்கமா, குறைஞ்ச பிரஷர்ல தண்ணி அடிங்க. வாட்டர் வாஷ் துப்பாக்கியைக் கிட்ட வச்சா ஃபின் மடங்கிடும்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. மலையேறும்போது இதைத்தான் யாரும் நினைக்கிறதில்ல. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், அங்க தண்ணி 93 டிகிரியிலேயே கொதிச்சுடும். மூடி 0.9 பார் பிரஷரைப் பிடிச்சா சமவெளியில வெறும் தண்ணிக்கே கொதிநிலை 118 பக்கம் போகும், கூலண்ட் கலந்தா இன்னும் மேல. மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா இந்த லாபம் எல்லாம் போச்சு. வண்டி நல்லா ஆறின பிறகு மேல் ஹோஸ் சப்பையா ஒடுங்கியிருந்தா மூடியில திரும்ப இழுக்கிற வால்வு அடைச்சிருக்கு. புது மூடியில அதே எண் இருக்கணும். 1.1 போட்டா நல்லதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, 25 வருஷத்து ரேடியேட்டர் அதைத் தாங்காது.

குருவிக்காரன்சாலை_800:

தாள் ஒட்டலை. நடுவுல பாத்தேன், ஒரு பக்கம் முழுக்க மண் அப்பியிருக்கு. டேங்க் பித்தளை. கீழ திருகைத் திறந்தா ரெண்டரை லிட்டர்தான் வந்துச்சு, மீதி எங்க? ரெடி மிக்ஸ் (ஏற்கெனவே தண்ணி கலந்த கூலண்ட்) வாங்கி அப்படியே ஊத்திடலாமா?

ஒத்தக்கடை_ஸ்பேனர்:

ரெடி மிக்ஸ் இப்ப வேண்டாம். காரணம் நீங்க சொன்ன அந்த ரெண்டரை லிட்டர்தான். மீதி பிளாக்குக்குள்ளயும் ஹீட்டர் கோருக்குள்ளயும் (வண்டிக்குள்ள சூடு தர்ற சின்ன ரேடியேட்டர்) நிக்குது. மொத்த அளவை வண்டி கையேட்டுல பாத்துக்குங்க, கணக்குக்கு 4 லிட்டர்னு வைக்கிறேன். கழுவி முடிச்சதும் உள்ள ஒன்றரை லிட்டர் வெறும் தண்ணி தங்கும். அதுமேல 50 சத ரெடி மிக்ஸ் ரெண்டரை லிட்டர் ஊத்தினா கிளைகால் ஒண்ணேகால் லிட்டர்தான் உள்ள போகும், கலவை 31 சதமா இறங்கிடும். அதனால கான்சென்ட்ரேட் வாங்குங்க. 40 சதத்துக்கு 1.6 லிட்டர் கான்சென்ட்ரேட்டை முதல்ல ஊத்தி, மீதி இடத்துக்கு 900 மில்லி டிஸ்டில்டு வாட்டர். தண்ணியை முதல்ல ஊத்தினா கான்சென்ட்ரேட்டுக்கு இடம் பத்தாம மாட்டிக்குவீங்க.

கழுவுற விதம்: எஞ்சின் முழுசா ஆறியிருக்கணும். ஹீட்டர் லீவரை முழுச் சூட்டுக்குத் தள்ளுங்க. ஹீட்டர் கோர் ஒழுகுச்சுன்னு முன்னாடி யாராவது ரெண்டு ஹோஸையும் லூப் போட்டு விட்டிருக்காங்களான்னும் பாருங்க, பழைய வண்டியில இது சகஜம். தெர்மோஸ்டாட்டைத் தற்காலிகமா எடுத்துட்டு, அது இருந்த இடத்தோட மூடியை மாட்டுங்க. ரேடியேட்டரோட கீழ் வாயில தோட்டத்து ஹோஸை வச்சு மேல் வாய் வழியா தண்ணி வர விடுங்க. எதிர்த்திசையில போனாத்தான் துரு கிளம்பும். குழாயை மெதுவா திறங்க, பித்தளைப் பத்து பலவீனமா இருக்கும். தெளிவா வர்ற வரைக்கும் கார்ப்பரேஷன் தண்ணி போதும், கடைசி ரெண்டு கழுவலுக்கு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட்டி, ஆறவிட்டு இறக்குங்க. பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீங்க. துருவோட சேத்து அலுமினிய ஹெட்டையும் தின்னுடும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டிட்டு நிரப்புங்க. நிரப்பும்போது வண்டி மூக்கு மேல இருக்கிற மாதிரி சரிவுல நிறுத்துங்க. மூடி இல்லாம ஐடில்ல ஓடட்டும், மேல் ஹோஸை அப்பப்ப அமுக்கி விடுங்க. குமிழ் வரும், மட்டம் இறங்கும், ஊத்திக்கிட்டே இருங்க. தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சட்டுனு சுடும், மட்டம் இன்னொரு தடவை இறங்கும். அதையும் நிரப்பி மூடியைப் போட்டு, ரிசர்வ் டப்பாவுல ரெண்டு கோட்டுக்கு நடுவுல வைங்க. மறுநாள் காலையில ஆறின வண்டியில திரும்பப் பாருங்க, கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஒரு வாரத்துக்குப் பிறகும் குறைஞ்சுக்கிட்டே இருந்தா, இல்ல சூடானதும் மூடி வாயில விடாம குமிழ் வந்தா, ஹெட் கேஸ்கெட் போயிருக்குன்னு அர்த்தம்.

பழசை சாக்கடையிலயும் வாசல்லயும் ஊத்தாதீங்க. எத்திலீன் கிளைகால் இனிக்கும், தெரு நாயும் கன்னுக்குட்டியும் நக்கும், சிறுநீரகம் போயிடும். மூடின கேன்ல பிடிச்சு, கழிவு ஆயில் சேக்குற பட்டறையில கேட்டுப் பாருங்க. அந்தக் கேன்ல பேர் எழுதி வைங்க, பச்சையா இருந்தா குழந்தைங்க ஜூஸுன்னு நினைக்கும்.

வத்தலக்குண்டு_ரோடு:

லீக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. கூலண்ட் ஓட்டை போடாது. ஏற்கெனவே அரிச்ச இடத்தைத் துருவும் சுண்ணாம்பும் அடைச்சுக்கிட்டு நிக்கும், கழுவினதும் அது போயிடுது, ஓட்டை தெரியுது. முதல்ல கசியுற இடங்கள்: வாட்டர் பம்ப் அடியில இருக்கிற சின்னத் துளை (அங்க சொட்டினா பம்ப் சீல் முடிஞ்சது, பம்பையே மாத்துங்க), பிளாக் பக்கத்துல அடிச்சு வச்சிருக்கிற வட்டமான கோர் பிளக், ஹோஸ் கிளிப் உட்கார்ற இடம். கிளிப்புக்குப் பக்கத்துல ஹோஸ் உப்பியிருந்தாலோ, அமுக்கினா நறநறன்னு சத்தம் வந்தாலோ இப்பவே மாத்திடுங்க. முன்னாடி சீட் கால்விரிப்பு ஈரமாகி இனிப்பு வாடை வந்தா ஹீட்டர் கோர்.

மஞ்சத்தூள் போடுறது, கடையில விக்கிற லீக் பவுடர் இதெல்லாம் நடுவழியில ஊர் வந்து சேர மட்டும்தான். ரேடியேட்டர் நுண்குழாயையும் ஹீட்டரையும் அது ஓட்டையைவிட வேகமா அடைக்கும்.

கொடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த வேலையை முடிச்சு, ரெண்டு வாரம் ஊருக்குள்ள ஓட்டிப் பாருங்க. முடிஞ்சா ஒரு தடவை சிறுமலை ஏறி இறங்குங்க, லீக் இருந்தா அங்கேயே காட்டிடும். மலையில முள்ளு ஏறினா ஏசியை நிறுத்தி, ஹீட்டரையும் புளோயரையும் முழுசா போட்டு, ரெண்டாம் கியர்ல போங்க. நிறுத்த வேண்டி வந்தா எஞ்சினை ஐடில்ல விடுங்க, ஃபேன் ஓடட்டும். ஆவி வந்துட்டா மட்டும் உடனே அணைச்சிடுங்க. மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடாதீங்க, சூடான எஞ்சின்ல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, ஹெட் விரிசல் விட்டுடும்.

திருநகர்_அம்பி:

சரி, 800க்கு ஒத்துக்கிறேன். அம்பாசடருக்கும் டிஸ்டில்டு வாட்டர்தானா?

ஒத்தக்கடை_ஸ்பேனர்:

ஆமாண்ணே. சிலிக்கேட் வகையில 35 சதம், மீதி டிஸ்டில்டு. பித்தளை ரேடியேட்டரும் ஈயப் பத்தும்தான் அதுலயும் இருக்கு. ஆனா அளவு 800ஐ விட நிறைய பிடிக்கும், டப்பா வாங்குறதுக்கு முன்னாடி பக்கெட்ல இறக்கி அளந்துக்குங்க.