பிஎஸ் பட்டியலில் பெயரைப் பார்த்து ஏமாந்த கதைகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

கொழுந்துக்கூடை, குன்னூர்:

பிஎஸ், டாப் ரெண்டுமே லினக்ஸ்ல ஓடிட்டிருக்கற நிரல்களை, அதாவது புராசஸ்களை, பட்டியல் போட்டுக் காட்டற கமாண்ட். அதுல பேரைப் பார்த்து ஏமாந்து என் மானம் போன கதையை முதல்ல நானே சொல்லிடறேன். அப்புறம் நீங்கெல்லாம் கூச்சமில்லாம எழுதலாம்.

குன்னூர்ப் பக்கம் ஒரு பாட் லீஃப் ஃபேக்டரில (வெளியாட்கள்கிட்ட இலை வாங்கித் தேயிலை ஆக்கற ஃபேக்டரி) கம்ப்யூட்டர் பார்த்துக்கறேன். பேருக்குத்தான் சிஸ்டம் அட்மின். பிரின்டர்ல சிக்கின பேப்பரை உருவறதும் நான்தான். சுத்துவட்டாரத்துச் சிறு விவசாயிங்க கொண்டுவந்து போடற பச்சை இலைக்கு மாசாமாசம் கிலோக் கணக்கு முடிச்சுப் பணம் போடணும். அதுக்கு ஒரு லினக்ஸ் சர்வர். அதுல ரெண்டு ஸ்கிரிப்ட். ஒண்ணு 'லீஃப்-கலெக்ஷன்-பில்லிங்', இன்னொண்ணு 'லீஃப்-கலெக்ஷன்-பேக்கப்'. பேர் வெச்ச மகராசனும் நானேதான்.

மாசக் கடைசி ராத்திரி. வெளிய மழை, மலைல எங்கயோ மரம் விழுந்து கரண்ட் போய்ப் போய் வருது. பில்லிங் ஓடிட்டிருக்கும்போதே பேக்கப்பும் கிளம்பி டிஸ்கை மொத்தமாப் பிடிச்சுக்கிச்சு. சரி, பேக்கப்பை நிறுத்துவோம்னு பிகில் கொடுத்தேன். (விசில் இல்லீங்க, பேரைச் சொல்லி புராசஸைக் கொல்ற கமாண்ட்.) முழுப் பேரையும் கொடுத்தேன், ஒண்ணும் ஆகல. 15 எழுத்துக்கு மேலனு என்னமோ எச்சரிக்கை சொல்லிச்சு, அவசரத்துல யார் படிச்சா? டாப்ல பார்த்தா 'லீஃப்-கலெக்ஷன்'னு மட்டும் இருந்தது. ஓகோ, இதுதான் இவனோட கூப்பிடற பேரானு அதையே கொடுத்தேன். பேக்கப் செத்தது. கூடவே பில்லிங்கும் செத்தது.

அப்புறம்தான் தெரிஞ்சுது. கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) ஒவ்வொரு புராசஸுக்கும் 'காம்'னு ஒரு சின்னப் பேரை வெச்சுக்குது. அதுக்கு ஒதுக்கின இடம் 16 பைட். கடைசி பைட் முடிவுக்குறிக்குப் போயிடும், நமக்கு மிஞ்சறது 15. ஆங்கிலத்துல எழுதி எண்ணிப் பாருங்க: லீஃப் 4, நடுக்கோடு 1, கலெக்ஷன் 10. கச்சிதமா 15! எந்த வாலை வெச்சு ரெண்டையும் அடையாளம் கண்டுபிடிக்கணுமோ அந்த வாலே இல்ல. டாப்ல அதே பேர்ல ரெண்டு வரி இருந்திருக்கும். என் கண்ணுல மேல இருந்த ஒண்ணுதான் பட்டுது.

டேட்டாபேஸ் பாதில நின்ன வேலையைத் தானா பின்வாங்கிடுச்சு, அதனால கணக்குக் கெடல. ஆனா முதல்ல இருந்து ஓட்டி முடிக்கறப்ப விடிகாலை 4 மணி. இப்ப நீங்க சொல்லுங்க.

கேத்திக் கேரட்:

உங்க பாடு தேவலைங்ணா. நான் அந்த 15 எழுத்துக் கதையைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு, புத்திசாலித்தனமா '-எஃப்' போட்டு பிகில் கொடுத்தவன். அது காமைப் பார்க்காது, புராசஸ் கிளம்பினப்ப கொடுத்த முழுக் கட்டளை வரியையும் பார்க்கும். பேர் எவ்வளவு நீளமா இருந்தாலும் பிடிச்சிடும். அதுதான் வம்பு. அதே ஸ்கிரிப்டை இன்னொரு விண்டோல விம் எடிட்டர்ல திறந்து ஒரு மணி நேரமா திருத்திட்டிருந்தேன், சேவ் பண்ணல. விம்மோட கட்டளை வரில அந்தக் கோப்புப் பேர் இருக்கே! அதையும் சேர்த்துக் கொன்னுடுச்சு. விம் விட்டுட்டுப் போன ஸ்வாப் கோப்புல இருந்துதான் மீட்டேன்.

இப்பல்லாம் கொல்றதுக்கு முன்னாடி அதே பேரைப் பிக்ரெப்புக்கு (கொல்லாம தேடி மட்டும் காட்டற கமாண்ட்) கொடுத்து யார் யார் மாட்டறாங்கனு பார்த்துடறேன்.

ஊட்டிவர்க்கி:

நான் இங்க ஒரு காலேஜ் லேப்ல இருக்கேன். ஒவ்வொரு வருஷமும் புது பேட்ச் வந்தா இது நடக்கும். போன வருஷம் ஒரு பையன் ஓடி வந்து, "சார், சர்வர்ல வைரஸ். பேரெல்லாம் கட்டம் கட்டி இருக்கு, நூத்துக்கு மேல இருக்கு. ரூட்டா போய்க் கொன்னாலும் சாக மாட்டேங்குது"ன்னான். போய்ப் பார்த்தா கேவொர்க்கர், கேசாஃப்ட்ஐஆர்க்யூடி, மைக்ரேஷன்னு சதுர அடைப்புக்குள்ள வரிசையா நிக்குது. தம்பி கில் மைனஸ் 9 எல்லாம் அடிச்சு ஓய்ஞ்சு போயிருந்தான்.

அந்தச் சதுர அடைப்பு பேரோட பாகம் இல்ல. ப்ராக் அடைவுக்குள்ள ஒவ்வொரு புராசஸுக்கும் அதோட கட்டளை வரி ஒரு கோப்புல இருக்கும். கெர்னலோட சொந்த இழைகளை (த்ரெட்) யாரும் கட்டளை கொடுத்துக் கிளப்பல, அதனால அந்தக் கோப்பு காலி. காலியா இருந்தா பிஎஸ் காமை எடுத்து அடைப்புக்குள்ள போட்டுக் காட்டும், அவ்வளவுதான். 1ஆம் நம்பர் இனிட் (மத்த சர்வீஸையெல்லாம் கிளப்பி விடறது), இந்தக் காலத்துல பெரும்பாலும் சிஸ்டம்டி. 2ஆம் நம்பர் கேத்ரெட்டி. கெர்னல் இழை எல்லாத்துக்கும் அப்பன் அந்த 2தான்.

கேவொர்க்கர் பேரைப் படிக்கவும் கத்துக்கொடுத்தேன். சாய்கோட்டுக்குப் பின்னாடி வர்ற எண் எந்த சிபியுனு சொல்லும். அதுக்குப் பதிலா 'யு'னு ஆரம்பிச்சா எந்த சிபியுவுக்கும் கட்டுப்படாதது. கடைசில 'ஹெச்' இருந்தா முன்னுரிமை அதிகம். 2018ல வந்த 4.18 கெர்னல்ல இருந்து, எந்த வேலையைச் செய்யுதுங்கறதையும் பேரோட ஒட்டியே காட்டும். அங்க 15ஐத் தாண்டியும் வருதுங்க. ஊருக்குத்தான் உபதேசம்!

கூடலூர்க்காரி:

வர்க்கி அண்ணா சொன்னதுக்கு நேர் எதிரான கதை என்னிடம் இருக்கிறது. உங்கள் மாணவன் வீட்டு ஆளைத் திருடன் என்று நினைத்தான். நாங்கள் திருடனை வீட்டு ஆள் என்று நினைத்தோம்.

ஊட்டி போகும் வழியில் ஒரு ரிசார்ட். அவர்களுடைய புக்கிங் சர்வரை நானும் இன்னொருவரும் பார்த்துக்கொண்டோம். மே மாதம், மலர்க் கண்காட்சி நேரம், ஒரு ரூம்கூடக் காலி இல்லை. சர்வர் ஆமை மாதிரி நகர்கிறது. டாப்பில் முதல் வரியில் 'கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ' என்று ஒன்று சிபியு முழுவதையும் தின்றுகொண்டிருந்தது. கூட இருந்தவர், "அது கெர்னலோடதுக்கா, கை வைக்காதீங்க" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 'கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்' என்று உண்மையிலேயே ஒரு கெர்னல் இழை உண்டு, டெவ் அடைவில் சாதனக் கோப்புகளை உண்டாக்குவது அதன் வேலை. ஒரு நாள் முழுக்க அதைத் தொடாமலே விட்டுவிட்டோம்.

மறுநாள் பிஎஸ் அடித்தபோதுதான் பார்த்தேன், இரண்டுமே பட்டியலில் இருந்தன. ஒன்றுக்குச் சதுர அடைப்பு இருந்தது. மற்றதற்கு இல்லை, ஆனால் வாலில் ஒரு 'ஐ' கூடுதல். ப்ராக்கில் அந்த எண்ணுக்குள் போய், ஓடும் நிரலின் கோப்பைக் காட்டும் 'எக்ஸி' இணைப்பு எங்கே போகிறது என்று பார்த்தேன். டெம்ப் அடைவில் இருந்த ஒரு கோப்பைக் காட்டியது. கெர்னல் இழைக்கு அந்த இணைப்பு எங்குமே போகாது. அதன் பிறகு என்ன சந்தேகம்? எங்கள் கரண்டில் எவனோ கிரிப்டோ காசு அடித்துக்கொண்டிருந்தான்.

கொன்றேன். ஒரு நிமிடத்தில் திரும்ப வந்தது. 'கின்சிங்' என்று ஒரு காவல்காரன் வேறு, கிரான்டேபில் (குறித்த நேரத்தில் நிரலைக் கிளப்பும் பட்டியல்) ஒரு வரி வேறு. ரெடிஸ் என்ற டேட்டாபேஸைக் கடவுச்சொல் போடாமல் வெளியே திறந்து வைத்திருந்தோம், அந்த வழியாக வந்திருக்கிறது. கடைசியில் இயந்திரத்தையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினோம்.

இன்னொன்று. அடைப்பு இருந்தாலும் நம்பாதீர்கள். ஒரு நிரல் தன் கட்டளை வரியைத் தானே மாற்றி எழுதி, அடைப்போடு கேவொர்க்கர் என்று வேஷம் போட முடியும். அதைக் கிளப்பிய தாய்ப் புராசஸின் எண் 2 தானா, எக்ஸி எங்கே போகிறது, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் இப்போது நான் எதையும் விடுகிறேன்.

கேத்திக் கேரட்:

அக்கா, ஒரு எழுத்து 'ஐ'ல ஒரு நாள் ஓட்டிட்டானே!

கொடை மூடுபனி:

இந்தப் பக்கம் பழனி மலைல இருந்து ஒரு கதை, அண்ணே. இது நட்டமில்லாத கதை, சிரிக்கலாம்.

நம்ம கூட்டாளிக அஞ்சாறு பேர் வீட்டு மாடில மழைமானி வெச்சிருக்கோம். எல்லாம் கொடைக்கானல்ல என் வீட்டு மேசைல இருக்கற சின்ன லினக்ஸ் பெட்டிக்கு வந்து சேரும். சி-ல எழுதின ஒரே நிரல், ஊருக்கு ஒரு இழை. எந்த ஊர் இழை மாட்டிக்கிச்சுனு டாப்ல பார்த்தாத் தெரியணும்ல, அதனால பிரிசிடிஎல்ங்கற கெர்னல் அழைப்பைக் கூப்பிட்டு ஒவ்வொரு இழைக்கும் ஊர்ப் பேரையே வெச்சேன். அதுவும் தமிழ்ல. நம்ம பெட்டி, நம்ம மழை, தமிழ்ல இருந்தா என்ன குத்தம்?

டாப்பைத் திறந்தா பழனி மட்டும் முழுசா இருக்கு. கொடைக்கானல் 'கொடைக' ஆகிப்போச்சு. பூம்பாறை 'பூம்ப'. மன்னவனூர் 'மன்னவ'னு யாரோ ராசாவைக் கூப்பிடற மாதிரி நிக்குது. தாண்டிக்குடி 'தாண்ட'. பண்ணைக்காட்டுல இருந்து காடு போயி வெறும் 'பண்ணை'. பண்ணைக்காட்டுக்காரன் பார்த்துட்டு, "எங்க ஊருக் காட்டை எப்படா வெட்டுனீங்க"ன்னான்.

விசயம் இதுதான். கெர்னல் எண்ணறது எழுத்தை இல்ல, பைட்டை. எழுத்தை பைட்டா மாத்தற யூடிஎஃப்-8 முறைல ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 15ஐ 3ஆல வகுத்தா 5 குறி. நம்ம கண்ணுக்கு 'ணை' ஒரே எழுத்து, அங்க ண-வும் ஐகாரக் குறியும் ரெண்டு. புள்ளி தனி. ஆக பண்ணை: ப, ண, புள்ளி, ண, ஐகாரம். முடிஞ்சு போச்சு கோட்டா.

சும்மா இருக்காம முன்னால 'டபிள்யூ'வும் ஒரு கோடும் ஆங்கிலத்துல சேர்த்துப் பார்த்தேன். அதுக்கு 2 பைட் போக மிச்சம் 13. நாலு குறிக்கு 12 போயி, அஞ்சாவது குறில ஒத்தைப் பைட் மட்டும் தொங்குது. 'பூம்' முடிஞ்சு ஒரு கேள்விக்குறி! வெடி வெச்ச மாதிரி.

பிரிசிடிஎல் எதுவும் சொல்லாம வெட்டிடும். பிறகு பித்ரெட் நூலகத்துல இருக்கற பேர் வைக்கிற ஃபங்ஷனுக்கு மாறினேன், அது நீளமா இருந்தா வெட்டாது, முடியாதுனு பிழை எண்ணைத் திருப்பிக் கொடுத்துடும். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. முகத்துக்கு நேரா முடியாதுங்கறவன் மேல்.

கொழுந்துக்கூடை, குன்னூர்:

இதைப் படிச்சுட்டு வேலையை விட்டுட்டு உக்காந்து எண்ணினேன். குன்னூர் 'குன்ன'. கோத்தகிரி 'கோத்த'. தேயிலை வெச்சா 'தேயில', அதுவும் போச்சு. ஆனா ஊட்டி பாருங்க: ஊ, ட, புள்ளி, ட, இகரம். அஞ்சு குறி, 15 பைட், சொட்டு சிந்தாம உக்காருது. உதகமண்டலம்னு போட்டா 'உதகமண'னு நிக்குது. கவர்மென்ட் போர்டுல எதை வேணா எழுதட்டும், கெர்னல் ஊட்டி கட்சி.

ஊட்டிவர்க்கி:

உதகைனு போட்டா 12 பைட்தான், 3 மிச்சம். ரெண்டு கட்சிக்கும் இடம் உண்டுங்ணா.

மழைக்காலப் பூனை, கோத்தகிரி:

பேர் வெட்டுப்படறது ஒரு வகை. எல்லாருக்கும் ஒரே பேர் இருக்கறது இன்னொரு வகை. ஒரு ஸ்கூல் சர்வர்ல ஃபீஸ், லைப்ரரி, பஸ் ரூட்னு மூணு ஜாவா நிரல் ஓடுது. மூணுக்கும் காம் 'ஜாவா'தான். ஒரு நாள் மெமரி தீர்ந்து கெர்னல் ஒண்ணைப் போட்டுத் தள்ளிடுச்சு. பதிவுல 'மெமரி தீர்ந்தது, புராசஸைக் கொன்றேன்', பக்கத்துல எண், அடைப்புக்குள்ள 'ஜாவா'. எந்த ஜாவாடா? செத்தவனோட விவரம் ப்ராக்ல தேட முடியாது, புராசஸ் போனதும் அந்த அடைவும் போயிடும். நான் குத்துமதிப்பா ஃபீஸ்தான்னு முடிவு பண்ணி அதை ரீஸ்டார்ட் பண்ணினேன். அது உயிரோடதான் இருந்திருக்கு. பணம் கட்டிட்டிருந்த பெத்தவங்க பாதில அறுந்து போனாங்க. செத்தது லைப்ரரி.

ஜர்னல்ல (சிஸ்டம்டியோட பதிவேடு) அதே நேரத்துப் பதிவுகளைப் பார்த்திருந்தா சிஸ்டம்டி எந்த சர்வீஸோட முதன்மைப் புராசஸ் செத்ததுனு பேரோட எழுதி வெச்சிருக்கும். எனக்கு அது மறுநாள்தான் உறைச்சுது.

இந்த விஷயத்துல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நல்ல பிள்ளை. ஒவ்வொரு புராசஸும் எந்த யூசர், எந்த டேட்டாபேஸ், சும்மா இருக்கா வேலை செய்யுதானு தன் கட்டளை வரிலயே எழுதிக்கும்.

ஊட்டிவர்க்கி:

கட்டளை வரினதும் ஒண்ணு ஞாபகம் வருது. எங்க லேப்ல ஒருத்தர் பேக்கப் ஸ்கிரிப்டுக்கு டேட்டாபேஸ் கடவுச்சொல்லைக் கட்டளைலயே கொடுத்து வெச்சிருந்தார். கட்டளை வரியை அந்த மெஷின்ல உள்நுழைஞ்ச யார் வேணா படிக்கலாம், பிஎஸ் அடிச்சாப் போதும். அதே பையன்தான், வைரஸ்னு ஓடி வந்தவன், இந்தத் தடவை மெதுவா வந்து காதோட சொன்னான்: "சார், உங்க பாஸ்வேர்ட் டாப்ல ஓடுது." அன்னிக்கே கடவுச்சொல்லை மாத்தி, தனிக் கோப்புல போட்டு உரிமையைச் சுருக்கினோம். ப்ராக்கை ஹைட்பிட் போட்டு மவுன்ட் பண்ணியாச்சு. இப்ப பசங்களுக்கு அவங்கவங்க புராசஸ் மட்டும்தான் தெரியும்.

கேத்திக் கேரட்:

குன்னூர் அண்ணா, உங்க லீஃப்-கலெக்ஷன் என்னாச்சு? பேர் மாத்தினீங்களா இல்லையா?

கொழுந்துக்கூடை, குன்னூர்:

மாத்திட்டேன் தம்பி. வித்தியாசமான வார்த்தையை முன்னாடி கொண்டு வந்துட்டேன்: 'பேக்கப்-லீஃப்-கலெக்ஷன்', 'பில்லிங்-லீஃப்-கலெக்ஷன்'. இனி எங்க வெட்டினாலும் தலை மிஞ்சும்.

போன வாரம் முதலாளி எட்டிப் பார்த்தார். டாப் திறந்திருந்தது. மூக்குக் கண்ணாடியை ஏத்திக்கிட்டு திரையையே பார்த்தவர் கேட்டார், "ஏம்பா, யாருப்பா இந்த லீஃப் கோ? நம்ம பில்லு அவன்கிட்ட ஏன் போகுது?" எண்ணிப் பார்த்தேன். பில்லிங்-லீஃப்-னு முடியறப்ப 13, கலெக்ஷன்ல இருந்து முதல் ரெண்டு எழுத்து ஒட்டிக்கிட்டு 'பில்லிங்-லீஃப்-கோ'. அப்படி ஒரு கம்பெனியே இல்லைங்கனு அரை மணி நேரம் சொல்லியும் மனுசன் இன்னும் முழுசா நம்பல. நேத்து அக்கவுன்டன்டைக் கூப்பிட்டுத் தனியா விசாரிச்சாராம்.