நோயெதிர்ப்பு மருந்துத் தேடலில் கணினி வேலை: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

கடலோரம்:
இன்டர்ஃபெரான் சிக்னேச்சர், அதாவது இன்டர்ஃபெரான் என்ற நோயெதிர்ப்புச் சமிக்ஞை அணுக்களின் மரபணுச் செயல்பாட்டில் விடும் தடம் பற்றி இங்கே அதிகம் விளக்கத் தேவையில்லை. வெள்ளவத்தை வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு லூபஸ், அதாவது உடலின் நோயெதிர்ப்பு உடலையே தாக்கும் நோயின் டேட்டா பார்க்கிறேன். போன மாதம் அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பக்கத்தில் ஒரு அக்கா, இரண்டு கன்னத்திலும் வண்ணத்துப்பூச்சி மாதிரிச் சிவப்பு. அம்மா பேச்சுக்கொடுத்து, "மகள் இந்த வருத்தத்துக்குத்தான் மருந்து தேடுறா" என்று சொல்லிவிட்டார். அந்த அக்கா, ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்தியபடி என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, பதினொரு வருசமா ரத்தம் குடுக்கிறன். அது உங்கட கொம்பியூட்டரில இருக்கோ?" என்றார்.

இல்லை. நான் திறக்கும் தரவில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். "தெரியாது அக்கா" என்றேன். தெரிந்துகொண்டே சொன்னேன்.

பொரளைவாசி:
கடலோரம், இதற்காக நீங்கள் வருந்த வேண்டாம். இன்டர்ஃபெரான் வந்து ஒட்டும் ஏற்பி எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதை அடைக்கும் லூபஸ் மருந்தான அனிஃப்ரோலுமாப் 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; நம்மவர் உடம்பிலும் அதே ஏற்பியைத்தான் அடைக்கும்.

எனக்கு நெருடுவது வேறு. 2022 மார்ச் கடைசி, 13 மணி நேர மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்தில், போன் டேட்டாவில், புதிதாகக் கண்ட டி-செல் என்ற நோயெதிர்ப்பு அணுக்களின் கூட்டம் ஒன்றைக் குழுவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பெண் மெதுவாகக் கேட்டார்: "நோயில்லாதவர்களின் மாதிரிகளையும் அதே நாளிலா ஓட்டினோம்?" இல்லை, வேறு நாள். கண்ட வித்தியாசம் நோயாலா, நாளாலா என்று சொல்ல முடியாது. நான்கு மாத வேலை அந்த ஒரு கேள்வியில் போயிற்று.

ஆறாம் குரோமோசோம்:
பொரளைவாசி, ஏற்பி ஒன்று என்பதோடு கதை முடியாது. வலிப்பு மருந்து கார்பமசெபின் நினைவில்லையா? எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை (அலீல்) உள்ளவர்களுக்கு அது தோலை உரித்துவிடக்கூடும் என்பது 2004இல் தைவானில் தெரியவந்தது. ஐரோப்பியரிடம் அந்த அலீல் மிக அரிது. அவர்களை மட்டும் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

என் அனுபவம் சின்னது. எந்தப் பெப்டைட் (புரதத் துண்டு) எச்.எல்.ஏ-வில் ஒட்டும் என்ற கணிப்பைக் காட்டியபோது, மூத்தவர் ஒருவர் "எந்த அலீலுக்கு?" என்றார். எச்.எல்.ஏ-ஏ 02:01 என்றேன். "உங்கட அலீல் என்ன?" என்றார். பதில் இல்லை.

அப்புறம், மாதிரிகள் ஓடிய நாள் விஷயம். டேட்டாவைத் திறக்கும் முன் மாதிரிகளைப் பற்றிய குறிப்புகளான மெட்டாடேட்டாவைத் திறங்கள். நாள், கிட், யார் ஓட்டினார்கள், எல்லாவற்றையும் நோய்நிலையோடு ஒரு அட்டவணையில் போட்டுப் பாருங்கள். நோயாளிகள் எல்லாரும் ஒரு நாள், மற்றவர்கள் இன்னொரு நாள் என்றால் நோயையும் நாளையும் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. நாள் வித்தியாசத்தைச் சமன்செய்யும் ஹார்மனி மென்பொருளை ஓட்டினால் நோயின் தடமும் சேர்ந்தே அழியக்கூடும். அதனால் மாதிரி ஓடும் முன்பே ஆய்வுகூடத்தோடு கதையுங்கள். மாதிரிகள் வைக்கும் தட்டில் எந்தக் குழியில் யாருடையது என்று நீங்களே கலந்து எழுதிக் கொடுங்கள். இரண்டு நாளிலும் ஓட ஒரு பொது மாதிரி கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கடலோரம்:
பொரளைவாசி, ஏற்பி பற்றிச் சொன்னது சரி. அந்த அக்கா கேட்டது தன் ரத்தத்தைப் பற்றி. எழும்பும்போது "தெரிஞ்சா சொல்லுங்கோ" என்று கிளினிக் துண்டின் ஓரத்தில் போன் நம்பர் எழுதிக் கிழித்துத் தந்தார். மேசையில் கிடக்கிறது. இன்னும் கோல் எடுக்கவில்லை.